பொண்டாட்டி விசா

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல என் வீட்டுக்காரருக்கு ஒரு பட்டப்பேரு வெச்சானுங்க. பொண்டாட்டி விசா. டீக்கடையில, டைம்கீப்பர் ரூமுல, எங்க போனாலும் அதேதான். "இன்னா பொண்டாட்டி விசா, பெட்டி கட்டியாச்சா?" அவரு சிரிச்சிக்கினே போயிடுவாரு. நான் பக்கத்துல இருந்தா சும்மா உட்டிருக்க மாட்டேன். எனக்கு மூக்கு மேல கோவம் வரும், அது ஊருக்கே தெரியும்.

ஆம்பள வெளிநாட்டுக்கு போறதும் பொம்பள வழியனுப்பிட்டு வீட்டுல கெடக்குறதும்தான் அப்ப வழக்கம். எண்பதுகள்ல எங்க பக்கத்துலேர்ந்து சவுதிக்கும் துபாய்க்கும் போனவங்க எல்லாரும் அப்பிடித்தான் போனாங்க. எங்க கதை தலகீழா ஆயிடுச்சு. வேல கெடச்சது எனக்கு. நான் நர்ஸு. விழுப்புரத்துல ஸ்டேஷன் பக்கமா ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில வேல பாத்துக்கினு இருந்தேன். பொறந்தது கெடார் பக்கம், அப்பாவுக்கு கொஞ்சம் மல்லாட்டை, வேர்க்கடலைதான், போடுற நெலம். கெடார்லேர்ந்து கெளம்பி நீ சவுதிக்கு போவேன்னு யாராவது சொல்லியிருந்தா நானே வயித்த புடிச்சிக்கினு சிரிச்சிருப்பேன்.

அவரு டிரைவரு. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஓடுற ஒரு தனியார் பஸ்ஸு அவரோடது. மொதலாளி வேற ஒருத்தருதான், ஆனா அத அவருகிட்ட சொல்லிப் பாருங்க! கண்ணாடிய தொடைக்கக்கூட வேற ஆள உட மாட்டாரு. விக்கிரவாண்டியில தெனம் ஏறுற வாத்தியாரு லேட்டுன்னா ஹாரன் அடிச்சி கூப்புடுவாரு. மயிலத்துக்கு போற கெழவிங்கள கை குடுத்து ஏத்தி உடச் சொல்லி கண்டக்டர வெரட்டுவாரு. அந்த ரோட்டுல அவர தெரியாத ஆளு கெடையாது. அவரு சம்சாரம்னு என்னையும் தெரியும். டிக்கெட்டுன்னு ஒன்ன நான் அந்த பஸ்ஸுல எடுத்ததே இல்ல.

மெட்ராஸுல இன்டர்வியூன்னு கூட வேல செஞ்ச பொண்ணுங்க போனாளுங்க, நானும் தொத்திக்கினு போனேன். பிரசவ வார்டுக்கு ஆளு வேணும்னாங்க, எடுத்துட்டாங்க. குடும்பத்த கூட்டிக்கினு வரலாம், வீடு குடுப்போம், ஆனா புருஷன் அங்க வேல எதுவும் செய்யக் கூடாதுன்னு சொன்னாங்க. ரெண்டு வருஷ காண்ட்ராக்ட்டு. அப்ப எங்க பாப்பாவுக்கு நாலு வயசு.

திண்டிவனத்துல மாமியார் வீட்டுல இத சொன்னதும் பெரிய பஞ்சாயத்தே நடந்துச்சு. என் மாமியாரு கெட்டவங்க இல்ல, வாய்தான் பெருசு. "நீ தாராளமா போம்மா. கொழந்தைய என்கிட்ட உட்டுடு. அவன் வண்டி ஓட்டிக்கினு இருக்கட்டும். ரெண்டு வருஷம் ஓடறது தெரியாது" அப்பிடின்னாங்க. எனக்கு சுருக்குன்னுச்சு. "பாப்பாவ உட்டுட்டு போயி ஊரான் வீட்டு புள்ளைங்கள அங்க நான் எடுத்து குடுத்துக்கினு இருக்கணுமா அத்த? போனா மூணு பேரும் போறோம். இல்லன்னா அந்த வேலையே வேணாம்"னேன். எல்லாரும் அவரப் பாத்தாங்க. அவரு எழுந்து வெளிய போயிட்டாரு.

அதுக்கப்பறம் ரொம்ப நாளு கழிச்சி ஒரு நாளு கடைசி டிரிப் முடிச்சிட்டு வந்து சோத்துல கை வெச்சிக்கினே கேட்டாரு.

"அங்க நான் பஸ்ஸு ஓட்ட முடியாதா?"

"முடியாதுங்க."

"லாரி?"

"ம்ஹும்."

"தண்ணி வண்டி, டிராக்டரு, எதுனா?"

"எதுவும் கூடாதாம். எந்த வேலையும்."

"அப்ப நான் என்னாதான் பண்றது அங்க?"

எனக்கு சொல்லவே வாய் கூசுச்சு. "பாப்பாவ பாத்துக்கணும். சோறாக்கணும். நான் டியூட்டிக்கு போயிடுவேன்ல?"

கைய கழுவிட்டு எழுந்துட்டாரு. போச்சு, அவ்ளோதான்னு நெனச்சேன். மறுநாளு காலையில சட்டய மாட்டிக்கினே சொன்னாரு. "ரெண்டு வருஷம். வாக்கு குடுக்குறேன். அதுக்கு மேல ஒரு நாளு கேக்காத. திரும்பி வந்ததும் நான் ஸ்டியரிங்க புடிக்கணும்." சரிங்க, சரிங்கன்னு தலைய ஆட்டினேன். ஆனா, வண்டிய உட்டுட்டு இந்த மனுஷன் அங்க தங்குவாரா? அவரு கெளம்பிட்டா பாப்பாவும் கூட கெளம்பணும், நான் டியூட்டிக்கு போனா அவள பாக்க அங்க ஆளு ஏது? அப்பறம் அவங்க ஒரு தெசை, நான் ஒரு தெசை. அந்த பயம்தான் எனக்கு, வேற எதுவும் இல்ல.

அந்த ஊரப் பத்தி சொல்லித்தர ஆளு வேணும்ல? கோட்டக்குப்பத்துல ஒரு அக்காவ காட்டி உட்டாங்க. அவங்க வீட்டுக்காரரு சவுதியில கடை வெச்சிருந்தவரு, இவங்களும் கொஞ்ச காலம் கூட இருந்துட்டு வந்தவங்க. முன்னப் பின்ன தெரியாத என்ன உக்கார வெச்சி, பிரியாணி போட்டு, அவங்க அங்க போட்டுக்கினு இருந்த கறுப்பு அங்கியவே எடுத்து மாட்டி உட்டாங்க. எனக்கு நீளம். அங்கயே மிஷின்ல உக்காந்து மடிச்சி தெச்சாங்க. வெளிய போறப்ப பொட்டு வேணாம், வீட்டுல வெச்சிக்க. சாமி படம் வேணாம், மனசுல வெச்சிக்க. தாலிய ரவிக்கைக்கு உள்ள போட்டுக்க. தொழுவுற நேரத்துல கடையெல்லாம் சாத்துவான், பயந்துடாத. இப்பிடி ஒவ்வொன்னா சொன்னாங்க. மாமியாரு அரைச்சி குடுத்த கறி மசாலாவ ஒரு டப்பாவுல அவங்களுக்குன்னு கொஞ்சம் எடுத்துக்கினு போயிருந்தேன். தொறந்து மோந்து பாத்தவங்க, "இதுல கசகசா இருக்கா? அங்கயும் இதேதான் கொண்டு போறியா? அய்யய்யோ, கசகசாவ அவன் அபினியோட சேத்திதான் பாப்பான். ஏர்போர்ட்லயே உள்ள போட்டுடுவான்!"னு நெஞ்சுல கைய வெச்சிக்கினாங்க. மாமியாருகிட்ட போயி சொன்னேன். "கசகசா இல்லாம ஒரு கொழம்பா? அப்பிடி ஒரு ஊருக்கு எதுக்கு போறீங்க?"ன்னு திட்டிக்கினேதான் புதுசா அரைச்சி குடுத்தாங்க. அந்தக்கா மட்டும் இல்லன்னா எங்க கதை ஏர்போர்ட்டோட முடிஞ்சிருக்கும். அவங்க புள்ளகுட்டிங்க நல்லா இருக்கணும்.

எல்லாத்தையும் சொன்ன அக்கா ஒன்ன மட்டும் சொல்லல. சொல்லணும்னு தோணியிருக்காது. அதுக்கு அப்பறம் வர்றேன்.

பம்பாய் போயி பிளேன் ஏறி, எறங்கி, ஒரு வேன்ல ஒரு பகல் பூரா மண்ணையே பாத்துக்கினு போயி சேந்தோம். சின்ன ஊரு. ஆஸ்பத்திரிக்கு பின்னாடியே ஒரு சந்துல வீடு குடுத்தாங்க. நல்ல வீடுங்க, பொய் சொல்லக் கூடாது. திறந்தா தண்ணி, தட்டினா லைட்டு, ஜன்னல்ல ஏசி. விழுப்புரத்துல குழாயடியில கொடத்த வெச்சிக்கினு சண்ட போட்ட எனக்கு அது மாளிகைதான். வார்டுல வேல முதுகு ஒடியும். ஆனா அந்த ஊரு பொம்பளைங்க என் கைய புடிச்சி கண்ணுல ஒத்திக்குவாங்க, பேரீச்சம்பழம் தட்டோட கொண்டாந்து குடுப்பாங்க. வலி எடுத்தா எல்லா ஊரு பொம்பளையும் அம்மாவத்தான் கூப்புடுறா. பாஷ தெரியாட்டியும் எனக்கு புரிஞ்சிடும். அந்த வார்டு எனக்கு சோறு போட்டுச்சு, மரியாதையும் குடுத்துச்சு, நான் மறக்க மாட்டேன்.

பேஜாரெல்லாம் அவருக்குத்தான். காலையில என்ன அனுப்பிட்டு பாப்பாவுக்கு தல பின்னுவாரு. மொதல்ல அவரு பின்னின சடைய பாத்தா சண்ட போட்டுட்டு வந்த மாதிரி இருக்கும், போவப் போவ என்ன விட நல்லா பின்னினாரு. ரசம் வெக்க கத்துக்கினாரு. கறிக் கொழம்பு வெச்சா பக்கத்து வீட்டு ஆளுங்க எட்டிப் பாப்பாங்க. ஆனா பெரிய ரோட்டுல ஏதாவது பஸ்ஸு போற சத்தம் கேட்டா செய்யிற வேலய உட்டுட்டு ஜன்னலுக்கு ஓடுவாரு. "கியர மாத்துறான் பாரு, கேணப்பய. செகண்டுல ஏறுற மேட்டுக்கு..."ன்னு பொலம்புவாரு. ஒரு வார்த்த என்ன கொற சொன்னது இல்ல. சொல்லியிருந்தாக்கூட சண்ட போட்டு ஆத்திக்கலாம்.

இப்ப அந்த வியாழக்கெழமைக்கு வர்றேன். அங்க வியாழன் சாயந்தரம்னா நம்ம ஊரு சனிக்கெழம மாதிரி, மறுநாள் லீவு, கடைத்தெரு நெறைய ஜனம். அரிசி, பருப்பு, பாப்பாவுக்கு செருப்பு வாங்கினோம். பாப்பாவ தோள் மேல தூக்கி வெச்சிக்கினு அவரு முன்னாடி விறுவிறுன்னு போறாரு. நான் ரெண்டு கையிலயும் பையோட பின்னாடி. நடுவுல ஒரு மாட்டுவண்டி போற அளவுக்கு எடம். எங்க ஊர்ல புருஷன் பொண்டாட்டி அப்பிடித்தான் நடப்போம். விழுப்புரம் ஸ்டேஷன் ரோட்டுல அப்பிடி போனா ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். சேந்து போனாத்தான் பாப்பான். "பாருடா, ஜோடி போட்டுக்கினு போறாங்க"ன்னு சிரிப்பான்.

அந்த ஊர்ல ஆம்பள தொண இல்லாம பொம்பள தெருவுல நடக்கக் கூடாது. அது எனக்கும் தெரியும், அக்காவும் சொல்லியிருந்தாங்க. எனக்குத்தான் தொண இருக்கே? அந்தா முன்னாடி போறாரே! ஆனா பாக்குறவன் கண்ணுக்கு நான் தனியா போற பொம்பள. பக்கத்துலயே ஒட்டி நடக்கணும்னு, இத ஒன்னத்தான் அக்கா சொல்லாம உட்டது.

திடீர்னு முன்னாடி ஒரு தாடிக்காரரு வந்து நின்னாரு. கையில பெரம்பு, கூட ஒரு போலீஸ்காரன். முத்தவான்னு சொல்லுவாங்க, அந்த ஊருல மத ஒழுக்கம் பாக்குற ஆளு. என்னமோ கேட்டாரு. ஒன் ஆளு எங்கன்னு கேக்குறாருன்னு புரிஞ்சுது. பதில் சொல்ல அரபி வேணுமே! எனக்கு தெரிஞ்ச அரபியெல்லாம் பிரசவ வார்டு அரபி. மூச்ச இழு, முக்கு, இன்னொரு தடவ முக்கு, ஆம்பளப் புள்ள, பொம்பளப் புள்ள. இதுல எத நான் முத்தவாகிட்ட சொல்றது?

கைய நீட்டி காமிச்சேன். தாடிக்காரரு நான் காமிச்ச பக்கம் பாத்தாரு. தெரு நெறைய ஆம்பளைங்க முதுகுதான் தெரியுது. அதுல ஒருத்தன் கொழந்தைய தோள்ல வெச்சிக்கினு எதையும் திரும்பிப் பாக்காம போயிக்கினு இருக்கான். தாடிக்காரரு நம்பல. பொய் சொல்றேன்னு நெனச்சிட்டாரு. பெரம்பால ஜீப்ப காட்டி ஏறுன்னாரு.

"என்னாங்க!"ன்னு கத்தினேன். "ஏங்க! பாப்பா அப்பா!" அந்த எரைச்சல்ல எங்க கேக்கும்? தொழுகைக்கு வேற கூப்புட ஆரம்பிச்சிட்டாங்க, கடைக்காரனுங்க ஷட்டர படார் படார்னு எறக்குறானுங்க. அவரு தெரு முக்குக்கு போயிட்டாரு. திரும்பினா அவ்ளோதான், நான் எங்க இருக்கேன்னு அவருக்கு தெரியாது, அவரு எங்கன்னு எனக்கு தெரியாது.

அப்பதான் அவரு பேர சொல்லி கூப்புட்டேன். அடித்தொண்டையிலேர்ந்து, முழுப் பேரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் வாயில அது வந்தது இல்ல. நர்ஸு படிச்சவதான், ஃபாரத்துல ஆயிரம் தடவ எழுதினவதான், ஆனா வாயத் தொறந்து சொன்னது இல்ல. எங்க அம்மா சொன்னது இல்ல, மாமியாரு சொன்னது இல்ல, நானும் சொல்லல. (இப்பவும் எழுத மாட்டேன், கேக்காதீங்க.) அந்த மனுஷன் அப்பிடியே நின்னு திரும்பினாரு பாருங்க! அந்த மொகத்த நான் மறக்கவே மாட்டேன். இடி விழுந்தவன் மாதிரி. அப்பறம் ஜீப்பு தெரிஞ்சுது, போலீசு தெரிஞ்சுது, பாப்பாவ மாரோட அணைச்சிக்கினு ஒரே ஓட்டமா வந்து எனக்கும் அந்த பெரம்புக்கும் நடுவுல நின்னுட்டாரு.

இருந்தாலும் ஆபீசுக்கு கூட்டிக்கினுதான் போனாங்க. அங்க ஒரு பாகிஸ்தான்காரரு உருது பேசினாரு. திண்டிவனம் ஷெட்டுல மெக்கானிக் பாய்ங்களோட பழகி என் வீட்டுக்காரருக்கு கொஞ்சம் உருது வரும், அத வெச்சி சமாளிச்சாரு. இக்காமாவ, அதாவது அங்க தங்குற அனுமதிச் சீட்ட, வாங்கிப் பாத்தாங்க. பாத்தவங்களுக்கு ஒரே கொழப்பம். எல்லா வீட்டுலயும் புருஷன் சீட்டுல பொண்டாட்டி பேரு இருக்கும். எங்க சீட்டு என் பேர்ல இருக்கு, அவரு என் கீழ இருக்காரு. ஒருத்தர் கை மாத்தி ஒருத்தர் பாத்தாங்க, ஒருத்தன் வாய பொத்திக்கினு சிரிச்சான். அவரு காது ரெண்டும் செவந்து போச்சு. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல பொண்டாட்டி விசான்னு கூப்புட்டப்ப சிரிச்சவரு, இங்க தலைய குனிஞ்சிட்டாரு. எனக்கு ஆத்திரம் பத்திக்கினு வந்துச்சு. கையில ஒரு பெட் பேன் இருந்திருந்தா என்னா ஆயிருக்கும்னு சொல்ல முடியாது.

"இவ ஒன் பொண்டாட்டின்னா ஏன் உட்டுட்டு முன்னாடி போன? பாக்குறவனுக்கு எப்பிடி தெரியும் ஒன் பொண்டாட்டின்னு?" இதுதான் முத்தவா கேட்ட கேள்வி.

அவரு பாப்பாவ இந்த தோள்லேர்ந்து அந்த தோளுக்கு மாத்திக்கினாரு. அப்பறம் மெதுவா சொன்னாரு. "எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும் சார்."

அத கேட்டதும் எனக்கு அழுகை வந்துடுச்சு. கோவமெல்லாம் எங்க போச்சோ தெரியல. விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, திண்டிவனம், அந்த ரோடு பூரா தெரிஞ்ச மனுஷன். இங்க அவர யாருன்னு யாருக்கும் தெரியாது. இனிமே பொண்டாட்டிய பக்கத்துலயே கூட்டிக்கினு நடப்பேன்னு எழுதி கையெழுத்து வாங்கிக்கினு உட்டுட்டாங்க. போறப்ப அந்த முத்தவாவே பாப்பா கையில ரெண்டு மிட்டாய் குடுத்தாரு. அவ வாங்கிக்கினா. நான் மொறைச்சேன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்ப கழட்டிப் போட்டாரு. "என்னால முடியாது. நான் போறேன். பாப்பாவ கூட்டிக்கினு போறேன். நீ காண்ட்ராக்ட்ட முடிச்சிட்டு வா." நான் அரிசிய டப்பாவுல கொட்டிக்கினு நின்னேன். ரொம்ப நேரம் கழிச்சி சமையக்கட்டு வாசல்ல வந்து நின்னாரு. "நான் போயிட்டா நீ யாரு கூட கடைக்கு போவ?"

"போவ மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு போவேன், வருவேன். அவ்ளோதான்."

"பாப்பாவயும் பாக்க மாட்ட."

"பாக்க மாட்டேன்."

வாசப்படியில உக்காந்தாரு. "ரெண்டு வருஷம்னு சொல்லிட்டேன். சொன்னா சொன்னதுதான். அதுக்கு மேல கேக்காத"ன்னாரு. அப்பறம், "என்னா தொண்ட ஒனக்கு! அந்த தெருவே திரும்பிச்சி" அப்பிடின்னு சொல்லி சிரிச்சாரு. நானும் சிரிச்சிட்டேன், கண்ணுல தண்ணியோட.

அன்னியிலேர்ந்து பக்கத்துல நடந்தாரு. மொதல்ல ரெண்டு பேருக்கும் நடக்கவே தெரியல. அவரு கால் நீளம், என்ன முந்திடுவாரு, ஞாபகம் வந்து நிப்பாரு, நான் போயி இடிச்சிக்குவேன். கைய எங்க வெச்சிக்கிறதுன்னு தெரியாம பைய இந்த கையிலேர்ந்து அந்த கைக்கு மாத்திக்கினே வருவாரு. அப்பறம் நடை ஒத்து வந்துச்சு. பக்கத்துல நடந்தா பேசணும்ல? பேசினோம். அவரு சின்ன வயசுல சைக்கிள் டயர ஓட்டிக்கினு மயிலம் மலைக்கு போனது, நான் நர்ஸு படிக்க அப்பாகிட்ட பட்டினி கெடந்தது, கல்யாணம் ஆகி அத்தன வருஷம் பேசாததெல்லாம் அந்த கடைத்தெருவுல பேசினோம். விழுப்புரத்துல இருந்தவரைக்கும் "சோறு போடு", "சில்லற இருக்கா"ங்கறதுக்கு மேல எங்க பேசினோம்? ஊருல யாராவது பாத்து சிரிப்பான்னு எனக்கும் வெக்கம், அவருக்கும் வெக்கம்.

அதனால அந்த சட்டம் நல்ல சட்டம்னு நான் சொல்லிடுவேன்னு நெனைக்காதீங்க. ஒருத்திய வீட்டு ஆம்பள இல்லாம தெருவுல நடக்கக் கூடாதுன்னு நிறுத்துறது எனக்கு அன்னிக்கும் ஒத்துக்கல, இன்னிக்கும் ஒத்துக்கல. அதுக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன். பக்கத்துல நடந்தாரே, அவருக்கு சொல்லுவேன்.

ரெண்டு வருஷம் முடிஞ்சுது. இன்னொரு காண்ட்ராக்ட்டு போடுறோம், லீவுக்கு போயிட்டு வந்து கையெழுத்து போடுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. எனக்கு ஆசதான். வேல புடிச்சிப் போச்சு, பாப்பாவுக்கும் அந்த வீடு புடிச்சிப் போச்சு. சேதி அவருக்கும் தெரியும், ஆனா போலாமான்னு நான் வாயத் தொறந்து கேக்கல. கேக்காதன்னு சொன்னவருகிட்ட எப்பிடி கேக்குறது? ஊருக்கு வந்தோம். திண்டிவனத்துல மாமியாரு மகன கட்டிப் புடிச்சிக்கினு, "போதும்டா சாமி. மொதலாளி ஆளு அனுப்பிக்கினே இருக்காரு, ஒன் வண்டி காத்துக்கினு இருக்கு"ன்னாங்க. அவரு பெட்டிய தூக்கிக்கினு போயி உள்ள வெச்சாரு. மறுநாளே மொதலாளிய பாக்க போனாரு. வந்து என்கிட்ட ஒன்னும் சொல்லல. அதுக்கு மறுநாளு, "விழுப்புரம் வர்றியா? சாயந்தர டிரிப்பு நான் ஓட்டுறேன்"னாரு. மொகத்துல அப்பிடி ஒரு வெளிச்சம். சரி, மறுபடியும் வேலையில சேந்துட்டாரு, முடிஞ்சி போச்சுன்னு எனக்கு புரிஞ்சிடுச்சு.

பாப்பாவ மாமியாருகிட்ட உட்டுட்டு அவரோட போனேன். போறப்ப வேற ஆளு ஓட்டினான். திரும்பற சாயந்தர டிரிப்புக்கு விழுப்புரத்துல லேடீஸ் சீட்டுல மொத வரிசையில உக்காந்தேன். ஸ்டியரிங்க தொட்டு கும்புட்டாரு. வண்டிய எடுத்தாரு பாருங்க, அந்த பழைய ஹாரன், அந்த பழைய கியரு! ரோட்டோரம் பூரா கைய தூக்குறாங்க, கூப்புடுறாங்க. கூட்டேரிப்பட்டுல பூக்காரம்மா ஏறினதும் ஏறாததுமா, "எங்கய்யா போயிட்ட இத்தினி காலமா? பொண்டாட்டிய வெளிநாட்டுக்கு கூட்டிக்கினு போயிட்டன்னாங்க!"ன்னுச்சு.

"நான் எங்க கூட்டிக்கினு போனேன்? அவதான் என்ன கூட்டிக்கினு போனா. நான் சோறாக்கிக்கினு இருந்தேன்"னாரு, பஸ்ஸு பூரா கேக்குற மாதிரி. எல்லாரும் சிரிச்சாங்க, அவரும் சிரிச்சாரு. நான் அவரு முதுகையே பாத்துக்கினு வந்தேன். எவ்ளோ சந்தோஷமா இருக்காரு! ஜன்னல்ல நின்னு கண்டவன் கியரு மாத்துறத பாத்துக்கினு இருந்த மனுஷன் இவருதானா? வண்டி திண்டிவனம் போறதுக்குள்ள நான் முடிவு பண்ணிட்டேன். நான் போவல. விழுப்புரத்துலயே பழைய ஆஸ்பத்திரியில கேட்டுப் பாக்குறேன். மூணு பேரும் ஒன்னா இருக்கணும், அது இங்க இருந்தா என்னா கொறஞ்சிடும்?

திண்டிவனத்துல ஜனம் எறங்கிச்சு. மொதலாளி கீழ நின்னுக்கினு இருந்தாரு. வயசானவரு, என்ன மகளாட்டம் பாப்பாரு. நான் படியில எறங்கி நின்னு, "மொதலாளி, நாளையிலேர்ந்து எத்தன மணிக்கு வரச் சொல்றீங்க இவர?"ன்னு கேட்டேன்.

அவரு என்ன ஒரு மாதிரியா பாத்தாரு. "ஒனக்கு தெரியாதாம்மா? நேத்தே வந்து சொல்லிட்டுப் போயிட்டானே. எனக்கு வேல வேணாம் மொதலாளி, அவளுக்கு அங்க என்ன உட்டா தொணைக்கு ஆளு கெடையாது, நான் திரும்பி போறேன். ஒரே ஒரு டிரிப்பு மட்டும் குடுங்க, ஆசைக்கு ஓட்டிட்டுப் போறேன்னு கேட்டான். நான்தான் சரின்னேன்."

திரும்பி மறுபடியும் வண்டிக்குள்ள ஏறினேன். காலி பஸ்ஸு. அவரு ஸ்டியரிங்க துணியால தொடைச்சிக்கினு இருந்தாரு, பக்கத்துல இருக்கிறத எல்லாம், ஹாரன், கியரு கம்பி, கண்ணாடி, ஒன்னு உடாம. பக்கத்துல போயி நின்னேன். எங்க ஜனங்கள்ல புருஷனுக்கு நன்றி சொல்ற வழக்கமே கெடையாது, அதுக்குன்னு ஒரு வார்த்தகூட வீட்டுல இல்ல. ஆஸ்பத்திரியில கத்துக்கின வார்த்ததான் வாயில வந்துச்சு.

"தேங்க்ஸ்ங்க."

துணிய மடிச்சி ஜன்னலோரம் வெச்சாரு. என் மொகத்த நிமுந்து பாக்கல, பாத்தா அவரும் அழுதிருப்பாரு.

"பைத்தியமா ஒனக்கு?"ன்னாரு. "எறங்கு. இதான் கடைசி ஸ்டாப்பு."